வெட்டுப்பட்ட தண்டு

ஜூலியட்டைக் கொன்ற கிருமி அவள் கணவன் ஜெனித்தின் ஆய்வகத்தில் உயிரோடு இருந்தது. குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில், பஞ்சு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயில். ஆஸ்பத்திரி லேபில் இருந்த ஜாஹித் கல்லூரியில் அவனோடு படித்தவன். அவள் காயத்திலிருந்து எடுத்ததில் கொஞ்சம் கேட்டதும் கொடுத்துவிட்டான். தட்டில் தேய்த்து வைத்தால் மறுநாள் பச்சையாகப் படர்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் கனிந்த திராட்சை வாசனை. அவளுடைய கைக்கட்டை நர்ஸ் பிரித்தபோதும் அந்த வாசனைதான் அடித்தது.

ஜெனித் அதை வளர்த்தது கொல்வதற்காக. கொல்ல ஓர் ஆளும் வைத்திருந்தான்.

நீர்முள்ளி என்று ஒரு செடி. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் முள்ளும் ஊதாப் பூவுமாக நிற்கும். நீர்க்கட்டுக்கும் கால் வீக்கத்துக்கும் வைத்தியர்கள் கொடுப்பது. அதன் தண்டுக்குள்ளே பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடிக்குக் கெடுதல் செய்வதில்லை. வெளியே தெரிவதும் இல்லை. அவற்றில் ஒன்றைப் பிரித்தெடுத்து ஆராய்வதுதான் ஜெனித்தின் முனைவர் பட்ட வேலை. ஜூலியட்டை அடக்கம் செய்துவிட்டு வந்து, அந்த ஒன்றைப் பச்சைத் தட்டின் நடுவில் வைத்தான். மறுநாள் அதைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருந்தது. வளையத்துக்குள் பச்சை இல்லை. ஆஸ்பத்திரியில் ஏற்றிய எந்த மருந்துக்கும் மசியாதது அங்கே செத்துக் கிடந்தது.

அது போன வருஷம். இப்போது வளையம் விழவில்லை.

"ரெண்டும் ஒண்ணா படுத்துத் தூங்குதுங்கண்ணா," என்றாள் கமருன்னிஸா, தட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. அதிராம்பட்டினத்துக்காரி. ஆய்வகத்தில் அவனுக்கு இளையவள். "புருசன் பொண்டாட்டி மாதிரி." சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. "மன்னிச்சிருங்கண்ணா."

"சரி. ஏன்னு சொல்லு."

"சோம்பேறியாயிருச்சு. உக்கார வச்சு வேளாவேளைக்குச் சோறு போட்டா எவன் சண்டைக்குப் போவான்? செடிக்குள்ள இருந்தப்ப விஷம் தேவைப்பட்டுச்சு, செஞ்சுச்சு. நம்ம தட்டுல எதிரியே இல்ல. எப்புடிச் செய்யிறதுன்னே மறந்துருச்சு."

"அப்ப செடியிலேருந்து புதுசா எடுக்கணும்."

"ஒரத்தநாட்டுச் செடி, திருவையாத்துச் செடி எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுலயும் இது இல்ல. அந்த ஒரு வரப்புலதான் இருக்கு." தட்டை மூடினாள். "அங்க போவாதீங்கண்ணா. வெட்டிருவான்."

அந்த வரப்பு பூதலூர்ப் பக்கம், ஜூலியட்டின் ஊரில் இருந்தது. வயல் அவள் அண்ணன் சகாயராஜின் கையில்.

அவர்கள் அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். ஜூலியட் தன் பாதியைக் கேட்டாள். சகாயராஜ் பாகப்பிரிவினைக்கு வரவில்லை. அவள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்து சர்வேயரை வரவழைத்தாள். அளந்த அன்று சகாயராஜ் வரப்பில் குந்தி நீர்முள்ளியை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்லு ஊணுனா கழுத்து இருக்காது மாப்ள," என்றான், அறுத்துக்கொண்டே.

"அளக்கட்டும் மச்சான். அப்பறம் பேசிக்கலாம்." ஜெனித் எல்லைக்கல்லைப் பிடிக்கக் குனிந்தான்.

அரிவாள் அவன் கழுத்துக்குத்தான் வந்தது. நடுவில் ஜூலியட்டின் கை வந்தது. முழங்கைக்குக் கீழே சதை வாழைப்பட்டை போல விலகி, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ரத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. வந்தபோது சர்வேயரின் சட்டை வரைக்கும் அடித்தது. அவள் அலறவில்லை. "என்னண்ணே," என்று மட்டும் கேட்டாள்.

காயம் நன்றாக ஆறிவருகிறது என்றுதான் டாக்டர் சொன்னார். பிறகு காய்ச்சல் வந்தது. கட்டுக்கு அடியில் பச்சை வந்தது. மருந்தை மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். கை கறுத்தது, சிறுநீர் நின்றது. கடைசியில் ஜெனித்தை யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

கோர்ட்டில் சகாயராஜின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். காயம் ஆறிக்கொண்டிருந்ததாக டாக்டரே சொல்கிறார். அந்தப் பெண் செத்தது வெட்டால் அல்ல, கிருமியால். ஜாமீன் கிடைத்தது. கோர்ட் வாசலில் சகாயராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் எங்க மாப்ள கொன்னேன்? கிருமிதான கொன்னுச்சு. கிருமி வளக்கிறவன் நீ. வீட்டுக்கு வந்து கையக் கழுவிட்டுத்தான் அவளத் தொட்டியா?"

அன்றிலிருந்து ஜெனித்துக்கு இரண்டே வேலை. கிருமியைத் தன் கையால் கொல்ல வேண்டும். கொன்றவன் சகாயராஜ்தான் என்று ஒரு நீதிபதியின் வாயால் கேட்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஞாபகம் வந்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் போனான். ஊர் முழுக்க மாதா கோயிலில் இருக்கும். மாசி மாதம். சம்பா அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்து சேறும் குட்டையுமாகக் கிடந்தது. ஜாமீனில் வந்த பிறகு சகாயராஜ் வரப்பைத் தொடவே இல்லை போலும். நீர்முள்ளி இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றது. பூச்சி கடிக்காத, கீறல் இல்லாத, நல்ல தண்டுகளாகப் பார்த்துப் பிளேடால் நறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஆய்வகத்தில் தண்டை ஸ்பிரிட்டில் முக்கினார்கள். பிளீச்சிங் கரைசலில் முக்கினார்கள். வெளித்தோலில் ஒட்டியிருந்த எல்லா உயிரும் செத்துப் போகும்வரை முக்கிக் கழுவினார்கள். கழுவிய கடைசித் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றிவைத்தார்கள். அதில் எதுவும் முளைக்கவில்லை. அப்படியென்றால் இனிமேல் முளைப்பது தண்டுக்கு உள்ளே இருந்ததுதான். தண்டை உரலில் இடித்துப் பரப்பினார்கள். முளைத்தது. அதே ஜாதி, அதே நிறம். பச்சைத் தட்டில் வைத்தார்கள்.

வளையம் இல்லை.

கமருன்னிஸா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "மொதத்தடவை செடி பறிச்சது யாருண்ணா?"

"ஜூலி."

"அண்ணி எப்புடிப் பறிப்பாங்க?"

ஜெனித் யோசித்தான். நீர்முள்ளியின் முள் கையைக் கிழித்துவிடும். சகாயராஜ் அறுத்துத் தள்ளிய பிறகு மொட்டைக் கட்டையில் துளிர் வரும். அதன் முள் இளசாக இருக்கும். அவள் அதைத்தான் கட்டையோடு பிடுங்கி வருவாள். கொத்துப்பட்டதைக் கொண்டுவராதே, நல்லதாகப் பார்த்துக் கொண்டுவா என்று அவளைத் திட்டியிருக்கிறான். காயமில்லாத செடியைத்தான் எடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் பாடம். அவன் படித்த எல்லாக் கட்டுரையிலும் அந்த வாக்கியம் உண்டு. இந்தத் தடவை அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தான்.

"வெட்டுப்பட்டதைத்தான் கொண்டுவருவா," என்றான்.

"அவ்வளவுதாண்ணா விஷயம்!" கமருன்னிஸா மேசையைத் தட்டினாள். "வெட்டு விழுந்தா அந்த வழியா வெளியாளு உள்ள வருவான். அப்பத்தான் உள்ள இருக்கிறவன் கத்தியத் தீட்டுவான். நாம நோகாம வளந்த செடியக் கொண்டாந்து கத்தி எங்கடான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்."

அடுத்த ஞாயிறு அரிவாளோடு போனான். வெட்டிவிட்டு வந்துவிட வேண்டும், துளிர்த்த பிறகு வந்து கட்டையை எடுக்க வேண்டும். அதுதான் திட்டம்.

முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. தண்டு நொறுங்கி, பச்சைச் சாறு முகத்தில் தெறித்தது. மூன்றாவதற்குப் பிறகு கை தானாகப் போனது. இடது கையால் கொத்தாகப் பிடித்தான், முள் உள்ளங்கையில் ஏறியது, விடவில்லை. வெட்டினான். பூவோடும் முள்ளோடும் சாய்ந்து விழுந்ததை மிதித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான். தேவைக்கு மேல் வெட்டிவிட்டது தெரிந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. ஜூலியட் செத்ததிலிருந்து உடம்பில் எதுவும் ஓடவில்லை என்று நினைத்திருந்தான். இப்போது ஓடியது.

"என் வேலைய நீ செய்யிற மாப்ள. கூலி எவ்வளவு?"

சகாயராஜ் பூசைக்குப் போகவில்லை. தோளில் மண்வெட்டியோடு உளுந்தை மிதித்துக்கொண்டு வந்தான்.

ஜெனித் நிமிர்ந்தான். "இது ஜூலியோட பாதி மச்சான்."

"அவ பாதிக்குத்தான் செமட்டரியில குழி வெட்டிக் குடுத்தாச்சே. இன்னும் என்னா?" சிரித்தான். "ஊருக்குள்ள சொல்றாங்க, அவ சீழை டியூபுல போட்டு வச்சிருக்கியாம். தெனமும் எடுத்து மோந்து பாப்பியாம். எம் தங்கச்சியக் கட்டிக்கிட்டு ஒழுங்கா வச்சுக்கத் தெரியல, அவ சீழோட குடும்பம் நடத்துறியாடா?"

"அவள வெட்டுனது நீ."

"ஒன்னத்தாண்டா வெட்டுனேன். அவ ஏன் குறுக்க வந்தா?" சகாயராஜின் குரல் உடைந்தது. உடைந்ததற்கே ஆத்திரம் வந்தவன்போல மண்வெட்டியை ஓங்கினான்.

ஜெனித் விலகினான். மண்வெட்டி அவன் தோள் ஓரத்தைச் சீவிக்கொண்டு போய் வரப்பில் இறங்கி, வேரில் மாட்டிக்கொண்டது. சகாயராஜ் குனிந்து இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். அந்த நேரத்துக்குள் ஜெனித் ரோடு வரைக்கும் ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. ஊன்றியிருந்த காலைப் பார்த்தான். கெண்டைக்காலைக் குறிவைத்து வெட்டினான்.

நீர்முள்ளியைவிடச் சதை லேசாக இறங்கியது. எலும்பில் பட்டபோது அவன் பல்லே கூசியது. அரிவாளை உருவினான். சகாயராஜ் மல்லாந்து வாய்க்கால் சேற்றில் விழுந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. குட்டைத் தண்ணீர் சிவந்தது. எழ முயன்று, அந்தக் காலை ஊன்றி, மறுபடியும் சேற்றுக்குள்ளேயே போனான்.

ஜெனித் வரப்பில் நின்றான். இன்னொரு வெட்டுக்கு இடம் இருந்தது. கழுத்து நீட்டமாகத்தான் கிடந்தது. கை ஓங்கியிருந்தது. ஆனால் கீழே கிடந்தவன் கழுத்தை மூடவில்லை. இரண்டு கையாலும் காயத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தான், சேறு உள்ளே போகாமல்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேணாம் மாப்ள," என்றான் சகாயராஜ். பல் கிட்டித்தது. "அங்க கொண்டு போயிராத. அங்க அது இருக்கு."

"எது?"

சகாயராஜ் காயத்தை இன்னும் இறுக்கிப் பொத்தினான்.

"வெட்டுத்தான மச்சான். வெட்டுனா சாவாங்களா?"

ஜெனித் கழுத்துத் துண்டை அவிழ்த்து அவன் மேல் எறிந்தான். மாமியார் சவரியம்மாளுக்குப் போன் போட்டான். "அத்தை, வாய்க்காலுக்கு ஆள் கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னான். அரிவாளைச் சேற்றுத் தண்ணீரில் அலசிவிட்டு வண்டியை எடுத்தான்.

போலீஸ் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. உளுந்துக் காட்டில் வழுக்கித் தன் அரிவாள் மேலேயே விழுந்துவிட்டதாக சகாயராஜ் ஊரில் சொல்லிக்கொண்டானாம். போலீசுக்குப் போனால் மண்வெட்டி ஓங்கிய கதையும் வரும், ஜாமீன் போய்விடும். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. காப்பித்தூளை அப்பிக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

வெட்டிய கட்டைகள் துளிர்த்திருந்தன. ஜெனித் போய்ப் பிடுங்கி வந்தான். யாரும் தடுக்கவில்லை. ஸ்பிரிட், பிளீச்சிங், உரல். கழுவிய தண்ணீர்த் தட்டில் எதுவும் இல்லை. பச்சைத் தட்டைக் கமருன்னிஸாதான் முதலில் திறந்தாள்.

"யா அல்லாஹ்! இங்க பாருங்கண்ணா. வந்து பாருங்க."

வளையம் பழையதைவிடப் பெரிதாக இருந்தது. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. உள்ளே ஒரு புள்ளி பச்சை கூட இல்லை. கமருன்னிஸா அழுதாள், சிரித்தாள், ஆய்வகம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஜெனித் தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஓரத்தில் இன்னும் திராட்சை வாசனை இருந்தது. மூடிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் சவரியம்மாள் கல்லூரி வாசலில் நின்றாள். பஸ்ஸில் வந்த களைப்பு. ஜூலியட்டின் அடக்கத்துக்குப் பிறகு அவளும் அவனும் பேசியதில்லை.

"ஒங்க பிரண்டு அந்தத் துலுக்கப் புள்ள சொன்னுச்சு. ஒங்களுக்குப் போன் பண்ணேன், அதுதான் எடுத்துச்சு. மருந்து கண்டுபிடிச்சிட்டீங்களாமே."

"மருந்து இல்ல அத்தை."

"அவனுக்குக் கால் அழுவுதுய்யா. காய்ச்சல் அனலாக் கொதிக்குது. வரமாட்டேங்குறான். ஆஸ்பத்திரின்னு சொன்னாலே கத்துறான்."

"கட்டப் பிரிச்சுப் பாத்தீங்களா? என்ன நிறம்?"

"பச்சை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு அடிச்ச அதே வாசம்."

அந்தக் கிருமி ஆஸ்பத்திரியில் மட்டுமா இருக்கிறது? வாய்க்கால் சேற்றிலும் இருக்கும். சகாயராஜுக்கு அது தெரியாது.

"அவன் ஒங்களுக்குச் செஞ்சது பெரிய பாவந்தான். நான் இல்லேங்கல. அவன் பொறந்த வயித்துலதான் அவளும் பொறந்தா. இருக்கிறதும் போயிருச்சுன்னா நான் எங்க போவேன்? இருக்கிற மருந்தக் குடுங்க."

"அத்தை, அது தட்டுல கொல்லுது. மனுசன் ரத்தத்துல விட்டா கிருமியக் கொல்லுமா மனுசனக் கொல்லுமான்னு எனக்கே தெரியாது. எலிக்குக் கூட இன்னும் குடுக்கல. மருந்தா வர வருசக்கணக்கா ஆகும்."

"அப்ப சாவட்டும்ங்குறீங்க."

சாகட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்ததாகக் கோர்ட் ஞாபகம் வந்தது. குற்றவாளி செத்தால் வழக்கை முடித்துவிடுவார்கள். தீர்ப்பு வராது. யாரும் யாரையும் கொல்லவில்லை என்றாகிவிடும். இரண்டு பேரையும் கிருமிதான் கொண்டுபோனது என்று ஊர் சொல்லும்.

"வாங்க," என்றான். ஸ்டாண்டில் நின்ற ஒரு ஆம்னி வேனைப் பிடித்தான்.

சகாயராஜ் கட்டிலில் கிடந்தான். அறைக்குள் நுழைந்ததும் வாசனை அறைந்தது. கெண்டைக்கால் பானைபோல் வீங்கிக் கறுத்திருந்தது. காயக்கட்டிலிருந்து பச்சையாகச் சீழ் ஒழுகி ஈ மொய்த்தது. ஜெனித்தைக் கண்டதும் தலையணைக்கு அடியில் கை போனது.

"வெளிய போடா. மிச்சத்தையும் வெட்ட வந்தியா?"

"எந்திரி."

"வரமாட்டேன். அங்க வரமாட்டேன்டா." அரிவாளை வீசினான். பலம் இல்லை, இருந்தும் ஜெனித்தின் முன்கையைக் கிழித்துக்கொண்டுதான் போனது. ஜெனித் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் அடித்தான். அரிவாள் விழுகிறவரை அடித்தான். சகாயராஜ் கடித்தான். தோளில் பல் இறங்கியது. ஜெனித் மறுகையை முஷ்டியாக்கி அந்தக் காலின் மேலேயே குத்தினான். சகாயராஜின் கண் மேலே செருகியது. கட்டு பிய்ந்து சீழ் சுவரில் தெறித்தது. சவரியம்மாள் அலறிக்கொண்டு ஜெனித்தின் முதுகில் அடித்தாள். அவன் சகாயராஜின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தரையோடு இழுத்தான். நிலைப்படியில் கால் இடித்தபோது சகாயராஜுக்கு நினைவு திரும்பி, மாடு கத்துவதுபோல் கத்தினான். தெரு முழுக்கப் பார்த்தது. யாரும் கிட்டே வரவில்லை.

வேனில் சவரியம்மாள் மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். எதிரில் ஜெனித் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா," என்றான் சகாயராஜ். உதடு வெடித்திருந்தது. "விட்டா செத்துருவேன்ல. ஒனக்கு அதான வேணும்?"

"செத்தா கேஸ் முடிஞ்சிரும். நீ வாய்தாவுக்கு வரணும். கூண்டுல நிக்கணும்."

"இந்தக் காலோடயா?"

"கால் இல்லாம."

தஞ்சாவூரில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அதற்கு மேல் ஏறாமல் கிருமி நின்றது. சாதாரண மருந்துக்கே கட்டுப்பட்டுவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காலும் தப்பியிருக்கும். ஜெனித் வராந்தாவில் முன்கைக்குத் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜூலியட்டுக்கு வந்தது சாதாரண மருந்துக்குக் கட்டுப்படவில்லை; அது சேற்றில் வந்ததல்ல, ஆஸ்பத்திரியில் பிடித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

சகாயராஜுக்குப் பேச்சு வந்த அன்று ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். வெட்டுக்காயம் என்று ஆஸ்பத்திரி தகவல் கொடுத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்புடியா ஆச்சு?"

"வழுக்கி விழுந்தேன் சார். என் அரிவாதான். வெட்டு சின்னதுதான், கிருமி பூந்துதான் கால் போச்சு." சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த ஜெனித்தைப் பார்த்தான். நீயும் வாயை மூடிக்கொள், இத்தோடு போகட்டும் என்ற பார்வை.

ஏட்டு எழுத ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல சார்," என்றான் ஜெனித். "நான் வெட்டுனேன்."

பேனா நின்றது. சவரியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"மண்வெட்டிய உருவக் குனிஞ்சாரு. ஓடிருக்கலாம். ஓடல. பாத்து வெட்டுனேன். அந்த வெட்டு இல்லேன்னா கிருமிக்கு உள்ள வர வழியே இல்ல. கால் போனது கிருமியால இல்ல, என்னாலதான். அப்படியே எழுதுங்க."

ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, தெரிஞ்சுதான் பேசுறீங்களா? கொலை முயற்சியில போவும்."

"தெரியும் சார்."

சகாயராஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போர்வைக்கு அடியில் கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புரிந்தது: கால் போனது வெட்டால் என்றால், ஜூலியட் போனதும் வெட்டால்தான்.

"அவன் பொய் சொல்றான் சார். வெட்டல. நான்தான் விழுந்தேன். கிருமிதான் சார், கிருமிதான்!" எழ முயன்றான். ட்ரிப்ஸ் கம்பி சாய்ந்து அவன் மேலேயே விழுந்தது. "அம்மா, சொல்லும்மா!"

சவரியம்மாள் கம்பியை நிமிர்த்தி வைத்தாள். மகனைப் பார்த்தாள். மருமகனைப் பார்த்தாள்.

"வாய்க்காலுக்கு வாங்கன்னு எனக்குப் போன் பண்ணதே இவருதான் சார்," என்றாள். "வெட்டுனது இவருதான். அவள வெட்டுனது இவன்தான்."

ஏட்டு எழுதினார். ஜெனித் எழுந்து நின்றான். தையல் போட்ட கையையும் சேர்த்து விலங்குக்கு நீட்டினான்.